யுத்தம் முடியுமட்டும் காத்திராத குடும்பம்



சென்ற மாதம் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து, சேமிப்புப் புத்தகங்களில் கையொப்பம் வைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா பக்கத்தில் வந்து அமர்ந்தார். யுத்தத்தில் காயப்பட்ட அவருடைய கணவர், உடம்பில் குண்டுச் சிதறலோடு பல வருடங்கள் சீவித்து, இரண்டு வருடங்களுக்கு முன் காலமானவர். மூன்று பிள்ளைகள். மூத்த மகள் தரம் எட்டு, கடைசி மகனுக்கு மூன்று வயது.

"தங்கச்சி, மூத்தவளை இந்தத் தவணையோட மறிச்சுப்போட்டன். நான் கூலிக்குப் போனால் சின்னவனைப் பார்க்க ஆள் இல்லை. நிலைமை சரிவந்தாப்பிறகு திரும்ப விடுவம் எண்டு இருக்கிறன்" என்றார்.

அருகில் இருந்த வயதான அம்மா ஒருவர் சிரித்தபடி, "இராசா வீட்டுப் பிள்ளையளெண்டால் இந்தக் கவலையொண்டும் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் "நிலைமை சரிவந்தாப்பிறகு" என்ற சொல்தான் காதில் நின்றது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், கட்டாயக் கல்வி எங்கே எப்படித் தொடங்கியது என்று தேடப்போய் ஓர் அரச குடும்பத்தின் கதையை வாசித்திருந்தேன். ஏறத்தாழ 400 வருடங்களுக்கு முந்திய ஜேர்மனி. யுத்தத்துக்குள் அகப்பட்ட குடும்பம். இம்மாதம் அந்தக் கதையையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முப்பத்தொரு வயதில் விதவை

அந்தக் காலத்தில் ஜேர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் பலவற்றைக் 'கோமகன்' என்ற பட்டம் பெற்றவர்கள் ஆண்டார்கள். நாட்டின் நடுப்பகுதியில் துரிங்கியா என்ற இடத்தில் வைமார் என்ற நகரம் இருக்கிறது. அதன் கோமகன் இரண்டாம் யோகான் 1605 ஆம் ஆண்டு, தனது 35 ஆவது வயதில் இறந்துபோனார். அவருடைய மனைவி தொரொத்தேயா மரியாவுக்கு அப்போது வயது 31. உயிரோடு இருந்த பிள்ளைகள் எட்டுப் பேரும் ஆண்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது. கடைசி மகன் பேர்ன்ஹார்ட் ஒரு வயதும் நிறையாத கைக்குழந்தை. தகப்பன் இறந்த பின் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்தது.

அரண்மனைப் பெண்ணாக இருந்தாலும் சட்டம் அவருடைய பக்கம் இருக்கவில்லை. பிள்ளைகளுடைய அரசுக்குப் பாதுகாவலர் என்ற பொறுப்பு தாய்க்குக் கிடைக்கவில்லை. உறவினரான சக்சனி ஆட்சியாளருக்கே அது போனது. காணி உறுதியிலும் வங்கிப் புத்தகத்திலும் தன் பெயர் இல்லாததால் அலைந்து திரிந்த சகோதரிகளுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது.

ஆனால் தாயிடம் ஒரு பொறுப்பு மிஞ்சி இருந்தது. பிள்ளைகளின் படிப்பு. அதை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்நாளில் வொல்ஃப்காங் றாட்கே என்ற கல்வியாளர் ஒருவர் இருந்தார். பிள்ளைக்கு முதலில் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் கற்பிக்க வேண்டும், வற்புறுத்தியும் அடித்தும் கற்பிக்கக் கூடாது என்று அவர் சொல்லிவந்தார். இலத்தீனை மனப்பாடம் செய்யவைத்து, பிரம்பால் படிப்பித்த காலம் அது. பலருக்கு அவருடைய பேச்சுப் பிடிக்கவில்லை. தொரொத்தேயா மரியாவோ அவரை ஆதரித்தார். அதோடு தானும் அவரிடம் மாணவியாகி இலத்தீன் படித்தார். அவருடைய தங்கை அன்னா சோபியும் அப்படியே படித்தார்.

எட்டு ஆண்பிள்ளைகளின் தாய், விதவை, முப்பது வயதைத் தாண்டியவர். அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படிக்க அமர்ந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். "படி, படி" என்று பிள்ளைக்குச் சொல்லும் தாயைவிட, பக்கத்தில் அமர்ந்து தானும் எழுத்துக்கூட்டும் தாயைப் பிள்ளை மறக்காது.

1617 ஆம் ஆண்டு, குதிரையில் சென்றபோது ஏற்பட்ட விபத்தில் அவர் இறந்தார். வயது 43. அடுத்த மாதம் அவருடைய மரணச் சடங்குக்காகக் கூடிய உறவினர்கள், சகோதரர் லூட்விக்கின் தலைமையில், ஜேர்மன் மொழியை வளர்ப்பதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அவருடைய மகன்மாரும் அதில் சேர்ந்தார்கள். இரண்டு வருடங்களில், 1619 இல், வைமாரில் ஒரு பாடசாலைச் சட்டம் வந்தது. ஆறு வயது தொடக்கம் பன்னிரண்டு வயது வரையுள்ள ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லோரும் பாடசாலைக்குப் போகவேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தத் தாய் அதைப் பார்க்க உயிரோடு இருக்கவில்லை.

யுத்தம் தின்ற பிள்ளைகள்

1618 இல் யுத்தம் மூண்டது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான பகையாகத் தொடங்கி, பின்னர் அயல்நாட்டு அரசர்களும் தத்தம் இலாபத்துக்காக நுழைந்து, முப்பது வருடங்கள் நீடித்தது. வரலாற்றில் அதற்குப் பெயரே முப்பதாண்டு யுத்தம். படைகள் போன வழியெல்லாம் விளைச்சலையும் ஆடுமாடுகளையும் பறித்தன. படைகளுக்குப் பின்னால் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. ஆயுதத்தால் இறந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அதிகம். துரிங்கியாவில் ஊர்கள் வெறிச்சோடிப் போயின.

தொரொத்தேயா மரியாவின் மகன்மார் ஆளும் குடும்பத்தவர்கள். அவர்களாகவே படைகளில் சேர்ந்தார்கள். ஒருவன் 1619 இல் இளவயதில் இறந்தான். பிரெடரிக் 1622 இல் போர்க்களத்தில் மாண்டார். மூத்தவர் யோகான் ஏர்ண்ஸ்ட் 1626 இல் படையோடு போன இடமான ஹங்கேரியில் இறந்தார். யோகான் பிரெடரிக் மந்திரவித்தை செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, அடைத்துவைக்கப்பட்ட நிலையில் 1628 இல் இறந்தார். கடைக்குட்டி பேர்ன்ஹார்ட் பெயர்பெற்ற தளபதியாகி, 1639 இல் 34 வயதில் நோயால் இறந்தார். எட்டுப் பேரில் மூவரே மிஞ்சினார்கள்.

அந்த மூவரில் ஒருவர்தான் ஏர்ண்ஸ்ட். 1601 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் பிறந்தவர். மூன்று வயதில் தகப்பனையும் பதினைந்து வயதில் தாயையும் இழந்தவர். அவரும் சுவீடன் அரசரின் படையில் சேர்ந்து, 1632 இல் லூட்சன் என்ற இடத்தில் நடந்த பெரும் சண்டையில் நின்றவர். அந்தச் சண்டையில் சுவீடன் அரசரே மாண்டுபோனார். சில வருடங்களில் ஏர்ண்ஸ்ட் ஆயுதத்தைக் கீழே வைத்தார். 1636 இல் திருமணம் செய்தார். 1640 இல் சகோதரர்கள் மூவரும் நாட்டைப் பங்கிட்டபோது கோத்தா என்ற நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் அவருடைய பங்காக வந்தன.

எரிந்த வயல்கள், இடிந்த வீடுகள், எழுத்தறியாத பிள்ளைகள். இதுதான் அவருக்குக் கிடைத்த அரசு. யுத்தம் முடிய இன்னும் எட்டு வருடங்கள் இருந்தன. எப்போது முடியும் என்பது எவருக்கும் தெரியாது.

வீடு வீடாகப் போனார்கள்

ஏர்ண்ஸ்ட் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. சமூக வேலை செய்யும் எங்களுக்கு அது நன்றாக விளங்கும். 1641 தொடக்கம் 1645 வரை தனது நாடு முழுவதும் ஊர் ஊராக விசாரணை நடத்தினார். மக்களுக்கு என்ன தெரியும், தேவாலயமும் பாடசாலையும் எந்த நிலையில் இருக்கின்றன, குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று கேட்டறிந்தார்கள். வாசிக்கத் தெரியாத வளர்ந்தவர்களையும் பாடத்துக்கு வரச்சொன்னார்கள்.

1642 இல் புதிய பாடசாலை ஒழுங்குவிதி வெளியானது. அதை எழுதியவர் கோத்தாவில் அதிபராக இருந்த அந்திரேயாஸ் றைஹர். கிராமமோ நகரமோ, ஆணோ பெண்ணோ, ஐந்து வயது கடந்த பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டும். வராத பிள்ளையின் பெற்றோர் தண்டப்பணம் கட்டவேண்டும். எந்த வகுப்பில் எதை, எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியருக்கும் விளக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். பாடம் தாய்மொழியில் நடந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, சமயம், பாட்டு ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. 1657 இல் றைஹர் ஒரு பாடநூல் எழுதினார். மரஞ்செடிகள், மிருகங்கள், மனித உடம்பு, நாட்டின் நிருவாகம், வீட்டை நடத்தும் முறை என்று அன்றாட வாழ்க்கைக்குத் தேவையானவை அதில் இருந்தன. சாதாரண கிராமத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு பாடநூல் கிடைப்பது அந்தக் காலத்தில் அரிதிலும் அரிது.

கோமகன் ஏர்ண்ஸ்டின் நாட்டுக் கமக்காரன், வேறு நாட்டுப் பிரபுவைவிடப் படித்தவன் என்று பின்னாளில் மக்கள் பேசிக்கொண்டார்களாம்.

1643 இல் கோத்தாவின் மேட்டில் ஓர் அரண்மனை கட்டத் தொடங்கினார். அந்த மேட்டுக்கும் ஒரு துயரக் கதை உண்டு. முன்பு அங்கே ஒரு கோட்டை இருந்தது. 1567 இல் முற்றுகைக்குப் பின் அது தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த கோமகன், ஏர்ண்ஸ்டின் பாட்டனாருடைய அண்ணன், கைதியாகக் கொண்டுபோகப்பட்டு, 28 வருடங்களின் பின் கைதியாகவே இறந்தார். அவருடைய மனைவி எலிசபெத் 1572 இல் தானாகவே போய்க் கணவனோடு சிறையிருப்பில் சேர்ந்து, 1594 இல் தான் இறக்கும்வரை இருபத்திரண்டு வருடங்கள் அங்கேயே இருந்தார். தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பார்க்கப் பேருந்து ஏறிப் போய்வந்த சகோதரிகளே, அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும்.

அந்த இடிபாட்டின் மேல் கட்டிய மாளிகைக்கு ஏர்ண்ஸ்ட் வைத்த பெயர் 'பிரீடன்ஸ்டைன்'. சமாதானக் கல் என்று பொருள். வாசலுக்கு மேலே, சமாதானமும் நீதியும் இரு பெண்களாக ஒருவரையொருவர் முத்தமிடும் சிற்பம் இருக்கிறது. சமாதானம் ஊட்டி வளர்க்கும், சண்டை தின்று தீர்க்கும் என்ற கருத்தில் அதில் எழுதியும் இருக்கிறது. அத்திவாரம் போட்டு ஐந்து வருடங்களின் பின், 1648 இல்தான், உண்மையான சமாதானம் வந்தது.

பதினெட்டுப் பிள்ளைகளின் தாய்

இப்போது ஏர்ண்ஸ்டின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எலிசபெத் சோபி. திருமணத்தின்போது அவருக்கு வயது 17, மாப்பிள்ளைக்கு 34. 1638 தொடக்கம் 1663 வரை இருபத்தைந்து வருடங்களில் பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். அரைவாசிப் பேர், ஒன்பது பேரே, வளர்ந்து ஆளானார்கள். 1657 ஆம் ஆண்டு மே மாதம் ஒரு கைக்குழந்தை இறந்தது. அதே வருடம் டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், 12 வயது மகள், 14 வயது மகள், 16 வயது மகன் என மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

"இராசா வீட்டுப் பிள்ளையளுக்குக் கவலை இல்லை" என்று சொன்ன அம்மாவுக்கு இதை நான் சொல்ல வேண்டும். சோற்றுக் கவலை அவர்களுக்கு இருக்கவில்லை, அது உண்மை. ஆனால் ஒரு மாதத்தில் மூன்று பிள்ளைகளைக் கொடுத்த தாயின் வயிறு அரண்மனையிலும் எரியும்.

மூத்த மகள் எலிசபெத் தொரொத்தேயா தப்பிப் பிழைத்தார். பெண்பிள்ளைகளையும் படிக்கவைக்கும் வீட்டில் வளர்ந்தவர். 1666 இல் ஹெசன் டார்ம்ஸ்டாட் என்ற நாட்டின் ஆட்சியாளரை, மனைவியை இழந்த ஒருவரை, மணந்தார். 1678 ஏப்ரலில் கணவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மூத்த தாரத்து மகனும் அதே வருடம் ஓகஸ்ட்டில் இறந்தார். அடுத்த வாரிசு எலிசபெத் தொரொத்தேயாவின் சொந்த மகன். அவனுக்கு வயது பத்து.

பேரத்தியின் முறை வந்தபோது, பாட்டிக்கு 1605 இல் கிடைக்காத பொறுப்பு அவருடைய கைக்கு வந்தது. மகனுக்காகப் பத்து வருடங்கள், 1688 வரை, நாட்டை அவரே ஆண்டார். வரவுசெலவு, வழக்கு, கடிதம் எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. கலண்டரில் நாளாந்தம் நடந்ததைக் குறித்துவைப்பார். அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். பால் கணக்கையும் சீட்டுக் காசையும் கலண்டர்த் தாளில் எழுதி வைக்கும் உங்களில் பலருடைய முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எழுதத் தெரிந்த பெண் தன் கணக்கைத் தானே வைத்திருப்பாள். மற்றவன் சொல்லும் கணக்கை நம்பிக்கொண்டு நிற்கமாட்டாள்.

கோமகனின் மறுபக்கம்

ஏர்ண்ஸ்டை நான் தெய்வமாக்கிக் காட்ட விரும்பவில்லை. 'பக்திமான் ஏர்ண்ஸ்ட்' என்று அவரை அழைத்தார்கள். அவருடைய பக்தியில் கண்டிப்பு அதிகம். மக்களின் வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் அரசு கண்காணித்தது. அவருடைய ஆட்சியிலேயே, ஜோர்ஜென்தால் என்ற பகுதியில், சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பெண்களை விசாரித்து மரணதண்டனை கொடுத்தார்கள். தன் சொந்தத் தமையனே மந்திரவித்தைக் குற்றச்சாட்டில் அழிந்ததைக் கண்டவர் அவர். அப்படியிருந்தும் அந்தப் பெண்களை அவர் காப்பாற்றவில்லை. பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய அரசு, ஊரில் தனித்து நின்ற பெண்ணைச் சந்தேகத்தின் பேரில் கொன்றது. இரண்டையும் சேர்த்தே நாங்கள் வாசிக்க வேண்டும். துணையில்லாத பெண்ணைப் பற்றி ஊர் எவ்வளவு இலகுவாகக் கதை கட்டும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஏர்ண்ஸ்ட் 1675 இல் காலமானார். ஏழு மகன்மாரும் பிரியாமல் சேர்ந்து ஆளவேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஐந்தே வருடத்தில் நாடு ஏழு துண்டானது. அதே வருடம், 1680 இல், எலிசபெத் சோபியும் இறந்தார். ஏழாவது மகனின் வழியில் வந்தவர்கள்தான் இலங்கையையும் ஆண்ட விக்டோரியா மகாராணியின் தாயாரும், மகாராணியின் கணவர் அல்பேர்ட்டும். அந்தச் சிறு அரசுகள் எதுவும் இன்று இல்லை. பாடசாலை என்ற ஏற்பாடு மட்டும் உலகமெங்கும் பரவி நிற்கிறது.

எங்கள் வீட்டில்

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இடம்பெயர்ந்து ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். மரத்தின் கீழ் வகுப்பு. உரப்பையில் தைத்த புத்தகப் பை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விலை அம்மாவுக்குத்தான் தெரியும். "நிலைமை சரிவரட்டும்" என்று அம்மா காத்திருந்திருந்தால் இன்று நான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன். வீடு, கிணறு, மாடு, நகை எல்லாம் போன பிறகும் எங்களிடம் மிஞ்சியது படித்த படிப்பு மட்டுமே.

இதைச் சொல்வதால் மகளை மறித்த அந்த அக்காவை நான் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. தண்டப்பணம் போட்டோ புத்திமதி சொல்லியோ அந்தப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப முடியாது. சின்னவனை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வேண்டும்.

இம்மாதக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "அந்த மனிசிக்கு வேலைக்காரர் இருந்திருப்பினம், எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, அன்று சிரித்த அதே வயதான அம்மா, "திங்களும் செவ்வாயும் பெடியனை என்னட்டை விடு" என்றார். இன்னொருவர் புதனை எடுத்தார். மற்ற இரண்டு நாட்களுக்கும் ஆள் சேர்ந்தது. பாடசாலை விட்டு மூத்தவள் வரும்வரைதான். கொப்பியில் பெயரும் நாளும் எழுதிக் கையொப்பமும் வைத்தோம். இது எத்தனை மாதம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை கடந்த திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனாள்.

உங்கள் சங்கத்திலும் இப்படி ஒரு பிள்ளை மறிபட்டிருக்கக் கூடும். அடுத்த கூட்டத்தில் கடன் கணக்குப் பார்க்க முன்னர், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என்ன தடை, அதில் எந்தப் பங்கை நாங்கள் சுமக்கலாம் என்று பேசுங்கள். நிலைமை சரிவருவதற்கு எத்தனை வருடம் எடுக்குமோ தெரியாது. பிள்ளைக்கு வயது அதற்காகக் காத்திராது.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி